கேலி, ரம்மி, ஸ்ட்ரமாஷ்: ஸ்கொட்லாந்துக் கலியாணத்தில் நான் மைக் பிடித்த கதை

மாப்பிள்ளையின் தகப்பன் சின்யோர் கலோஜெரோ கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினார். கோட்டைக் கழற்றினார். அதை வடிவாக மடித்து மனைவியின் மடியில் வைத்தார். பிறகு சேட்டுக் கையை முழங்கை வரை சுருட்டினார். எதிரே பெண்ணின் தகப்பன் டங்கன் இரண்டு கையையும் விரித்தபடி நடு மண்டபத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் மைக்கோடு நான்.

ஸ்கொட்லாந்துக்காரர் பலெர்மோக்காரரைச் சண்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டதை இத்தாலியனில் சொன்னது நான். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னேன். இன்றைக்கும் அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை காட்டச் சொன்னால் ஒருவராலும் காட்ட ஏலாது.

மைக் என் கைக்கு வந்த விதம்

பலெர்மோ நகரத்தின் ஓரத்தில் இருக்கிற ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடற்கரை வீதியில் ஒரு மீன்சாப்பாட்டு ரெஸ்டோரண்ட். அங்கேதான் என் உழைப்புக் காலம் முழுக்கப் போனது. சாப்பாட்டுக் கோப்பை கழுவத் தொடங்கினேன். முடிக்கும்போது சாப்பாட்டு மண்டபம் என் பொறுப்பில் இருந்தது. இப்போது முழங்கால் விட்டுவிட்டது, நானும் வேலையை விட்டுவிட்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிற எங்கள் பிள்ளைகள் நகரத்துக்குள்ளே அல்பெர்கேரியாவில் இருக்கிற என் வீட்டுப் படியேறி வந்து, “ரஞ்சினி அன்ரி, என்ன பாஷை படிச்சால் நல்லது?” என்று கேட்கிறார்கள். இங்கிலீஷ் என்று சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முதலாளி சால்வோ பக்கத்தில் நிற்கிறவரோடும் வள்ளத்தில் நின்று கரைக்குக் கத்துகிற மாதிரித்தான் கதைப்பார். ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏதோ கேட்டிருக்கிறார். மேசைக்காரப் பெடியன்கள் முதலில் தேசிக்காய் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு கத்தி. பிறகு பில். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துகொண்டே போனது. நான் கழுவுகிற இடத்தில் நின்று, “அந்த மனுசி கக்கூஸ் எங்கை எண்டு கேக்குது” என்றேன்.

சால்வோ என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உனக்கு இங்கிலீஷ் தெரியுமோ?”

“ஓம்.”

“இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை.”

என் இங்கிலீஷ் ஓ லெவலில் சி எடுத்த இங்கிலீஷ். ரீச்சர் ஒரு வரி வாசிப்பா, நாங்கள் முழு வகுப்பும் அதைத் திருப்பிக் கத்துவோம். ஆனால் சால்வோவுக்கு அது போதும். அன்றிலிருந்து இங்கிலீஷ் கதைக்கிற மேசை எல்லாம் என்னுடையது. லண்டன்காரர், ஒஸ்ரேலியாக்காரர், கனடாவிலிருந்து வந்த எங்கடை ஆட்கள், எல்லாரையும் சமாளித்தேன். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

பிறகுதான் ஸ்கொட்லாந்து வந்தது.

கேலி

சின்யோர் கலோஜெரோ மீன் மொத்த வியாபாரி. எங்கள் குசினிக்கு வருகிற மீன் எல்லாம் அவரிடமிருந்துதான் வரும். அவருடைய ஒரே மகன் நினோ கிளாஸ்கோவுக்குச் சமையல் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். கலியாணம் பலெர்மோவில், மத்தியானச் சாப்பாடு எங்கள் மண்டபத்தில்.

சால்வோ என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ரஞ்சி, வடிவாக் கேள். கலோஜெரோவுக்கு மனம் நொந்தால், அடுத்த நாள் நாங்கள் முட்டைதான் பொரிக்கவேணும். பொம்பிளை வீட்டாரோடை கதைக்கிறது உன்ரை பொறுப்பு. குழம்பினால் நீ திரும்பக் கோப்பை கழுவப் போகலாம்.”

பெண்வீட்டுப் பக்கம் எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தது பெண்ணின் மாமி, டங்கனின் தமக்கை. பெயர் மோராக். கிளாஸ்கோவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். முதல்முறை ரெலிபோனில் கதைத்தபோதே என்னைக் கோழி என்று கூப்பிட்டார். பெட்டைக் கோழி, அதுதான் அந்த இங்கிலீஷ் சொல். எனக்குச் சுருக்கென்றது. பிறகு பார்த்தால் கிளாஸ்கோவில் எல்லாப் பெண்களும் கோழிதானாம். மரியாதையான சொல்லாம். சரி என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு விபரம் எல்லாம் முடிய மோராக் மாமி சொன்னார், “பிறகு ஒரு கேலி வைக்கவேணும், கோழி.”

எனக்குக் கேட்டது கேலி. அதை அவர்கள் எழுதுகிற விதமே வேறு, கண்டிருந்தால் அந்தச் சொல்லை வாசிக்கவே ஏலாது. காதுக்கு மட்டும் அச்சொட்டாக எங்கடை கேலி. யாழ்ப்பாணத்து ஆளுக்குக் கலியாண வீட்டில் கேலி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மாப்பிள்ளையின் மூக்கில் தொடங்கிப் பெண்வீட்டுப் பாயாசத்தில் முடியும். அவர்கள் வேறு எதையோ சொல்கிறார்கள் என்று தெரியும், ஆனாலும் காது சொல்வதைத்தான் மனம் கேட்குது.

“அது ஆருக்கு?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும்தான். ஒருத்தரையும் இருக்க விடமாட்டம்.”

எனக்கு இன்னும் பயம் வந்தது.

“உங்கடை தரை வழுக்குமோ?” என்று அடுத்த கேள்வி.

கேலிக்குத் தரை ஏன் என்று கேட்டபோதுதான் மாமி விளங்கப்படுத்தினார். ஆணும் பெண்ணும் இரண்டு வரிசையாக நிற்பார்களாம். பிடிலும் அக்கோடியனும் வாசிக்க, ஒருவர் என்ன செய்யவேணும் என்று கத்துவாராம். அவர் கத்துகிறபடி எல்லாரும் கை கோர்த்துச் சுற்றுவார்களாம், ஓடுவார்களாம், ஆள் மாற்றுவார்களாம், மூச்சு நிற்கும் வரைக்கும். பெண்ணின் பெயர் ஏலி. ஆகவே ஏலியின் கேலி.

சால்வோவிடம் போய், பள்ளிக்கூடத்து ட்றில் மாதிரி ஒன்று செய்யப்போகிறார்கள் என்று சொன்னேன்.

“எப்ப?”

“சாப்பிட்டாப் பிறகு.”

“பேய்க்கணவாய், இறால், ரெண்டு பாஸ்தா, பொரியல், கசாட்டாக் கேக் எல்லாம் திண்டாப் பிறகோ?”

“ஓம்.”

சால்வோ கடற்கரை வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார். “ஆம்புலன்ஸ் எந்தப் பக்கத்தாலை வரும் எண்டு பாத்து வை” என்றார்.

ரம்மி

கலியாணத்துக்குச் சில நாள் முன்னர் மோராக் மாமி மண்டபம் பார்க்க வந்தார். பலெர்மோ வெயில் தோளைச் சுட்டு, அவித்த இறால் நிறத்தில் இருந்தார். மேசைகளைத் தள்ளிப் பார்த்தார், தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். “நல்ல இடம். ஆனால் என்ரை தம்பி இருக்கிறபடியால் கசாட்டா வர முதல் ஒரு ரம்மி நடக்கும்” என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

என் மனம் குளிர்ந்தது. ரம்மி எனக்குத் தெரியும். எங்கடை கலியாண வீடுகளிலும் ஆம்பிளைகள் ஒரு மூலையில் இருந்து காட்ஸ் அடிப்பார்கள். அங்கே முன்னூற்றி நாலு, இங்கே ரம்மி. உடனே ஒரு சின்ன மேசையை மூலைக்கு இழுத்து, பச்சைத் துணி விரித்து, சால்வோவின் லாச்சியில் இருந்த காட்ஸ் கட்டுகளை அடுக்கி வைத்தேன்.

மாமி திரும்பி வந்து பார்த்தார். “இது என்ன?”

“உங்கடை ரம்மிக்கு.”

மாமி காட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரையில் இருந்தார். சத்தமே வராமல் சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. எங்கள் குசினியில் பெரிய சமையல்காரன் தவம் அண்ணை, கிளிநொச்சி ஆள், என்னவோ ஏதோ என்று கோப்பியோடு ஓடி வந்தார்.

ரம்மி என்றால் அடிபிடியாம். கை, கால், சில நேரம் கதிரை.

அன்று மாமி எனக்கு வகுப்பெடுத்தார். ஹூலி என்றால் குடி, பாட்டு, கூத்து எல்லாம் சேர்ந்த கொண்டாட்டம். எங்கடை முசுப்பாத்தியைத் தூக்கி மேசைக்கு மேல் விட்டால் ஹூலி. ஸ்டூஷி என்றால் வாய்ச் சண்டை, பெரும்பாலும் ஒன்றுமில்லாத விசயத்துக்கு. அதற்கு நாங்கள் புடுங்குப்பாடு என்போம். ஸ்ட்ரமாஷ் என்றால் அமளிதுமளி. சாமான் விழவேணும், ஆர் விழுத்தியது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது, அப்போதுதான் அது ஸ்ட்ரமாஷ். கொலிஷாங்கி என்றும் ஒன்று உண்டாம். நாய்கள் கடிபடுகிற மாதிரியான சண்டை. எனக்கு அது கொலையும் சங்கும் சேர்ந்த மாதிரிக் கேட்டது.

எல்லாவற்றையும் தமிழில் தவம் அண்ணைக்குச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

“ஏன் தங்கச்சி இவ்வளவு சொல்லு? எங்களிட்டை இதெல்லாத்துக்கும் கலியாணவீடு எண்ட ஒரு சொல்லுக் காணுமே.”

அதை நான் மாமிக்குச் சொல்ல, மாமி எழும்பிப்போய்த் தவம் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எனக்கு இப்போது நல்ல தைரியம். ஹூலி எது, ஸ்டூஷி எது, ரம்மி எது என்று தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் ஒரு வில்லங்கமும் வந்திருக்காது.

கோட்டைக் கழற்றின மத்தியானம்

பெண்வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் கட்டம் போட்ட பாவாடை கட்டி வந்தார்கள். தவம் அண்ணை குசினிக் கதவால் எட்டிப் பார்த்து, “கம்பளிச் சாரம்” என்றார். மேசைக்காரப் பெடியன் ஒருவன் உள்ளே என்ன போடுகிறார்கள் என்று கேட்கச் சொல்லி என்னை அரித்தான். அண்ணை அவனை அதட்டினார். “நாங்களும் சாரம் கட்டின ஆக்கள். உதெல்லாம் கேக்கப்படாது.”

சாப்பாடு நன்றாகப் போனது. ஸ்கொட்லாந்துக்காரர் இரண்டாவது பாஸ்தாவோடு சாப்பாடு முடிந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். அதற்குப் பிறகும் பொரியல் வந்தபோது ஒரு மாமா கண்ணை மூடிக்கொண்டார். கலோஜெரோ மட்டும் தொடக்கத்தில் இருந்தே சரியில்லை. கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். பெண்வீட்டு மேசையில் சிரிப்பு எழும்பும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

கசாட்டா வெட்ட முதல் டங்கன் எழும்பி நாலு சொல் கதைக்கப்போவதாகச் சொன்னார். சால்வோ மைக்கை என் கையில் திணித்தார்.

டங்கன் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். பலெர்மோவுக்கு நன்றி, சொன்னேன். மீனுக்கு நன்றி, சொன்னேன். நினோ நல்ல பிள்ளை, சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு டங்கன் கலோஜெரோவின் பக்கம் திரும்பினார்.

“எங்கடை ஊரிலை ரெண்டு தகப்பன்மாருக்கும் இடையிலை ஒரு ரம்மி நடக்காட்டில் அது கலியாணமே இல்லை. கலோஜெரோ, எழும்பி வா.”

ரம்மி. எனக்குத் தெரிந்த சொல். இத்தாலியனில் நல்ல தெளிவாகச் சொன்னேன்: “ரெண்டு தகப்பன்மாரும் அடிபடாட்டில் இது கலியாணம் இல்லையாம். சின்யோர் கலோஜெரோ, உங்களை எழும்பி வரட்டாம்.”

கலோஜெரோவின் தம்பிமார் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்கள். கோப்பையில் கணவாய் இருக்கும்போது கரண்டியைக் கீழே வைப்பது பலெர்மோவில் சின்ன விசயம் இல்லை. கலோஜெரோ எழும்பிக் கோட்டைக் கழற்றியது அப்போதுதான். வாசலில் நின்ற சால்வோவின் முகம் மாப்பூசின மாதிரி ஆனது. தவம் அண்ணை எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“தங்கச்சி, ஆர் அடிக்கப் போறது?”

“தெரியேல்லை அண்ணை.”

மோராக் மாமி என்ன கண்டாரென்றால், கோட்டைக் கழற்றி, கையைச் சுருட்டி, ஆட ஆயத்தமாக நிற்கிற ஒரு சம்பந்தியை. அவருக்குச் சரியான சந்தோசம். வாயில் விரலை வைத்து விசிலடித்தார். பிடில் தொடங்கியது. ஸ்கொட்லாந்துக்காரர் அத்தனை பேரும் கதிரையை விட்டுப் பாய்ந்து, பக்கத்தில் இருந்த பலெர்மோக்காரரையும் இழுத்துக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள்.

கலோஜெரோ போய் டங்கனின் சேட்டைப் பிடித்தார். டங்கன் அவருடைய முழங்கையைத் தன் முழங்கையால் கொழுவி, ஒரு சுற்றுச் சுற்றி, வரிசையில் அடுத்து நின்ற ஒரு பெரிய உடம்பு அன்ரியிடம் எறிந்தார். அன்ரி அவரைச் சுற்றித் திருப்பி டங்கனிடம் அனுப்பினார். கலோஜெரோ பொத்தின கையோடு வந்தார். டங்கன் அந்தக் கையையே பிடித்து மறுபடி சுற்றி அடுத்த பெண்ணிடம் விட்டார். முன்பின் தெரியாத பெண்களை அடிக்க ஏலாது. டங்கனை அடிக்கலாம், ஆனால் அவர் ஒரு இடத்தில் நிற்கவேணுமே. ஒருவர் சண்டை பிடிக்கிறார், மற்றவர் டான்ஸ் ஆடுகிறார், பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தது.

தமையனைக் காப்பாற்றத் தம்பிமார் எழும்பி ஓடினார்கள். அவர்களையும் கொழுவியாயிற்று. அப்போது சால்வோவுக்குக் கண்ணாடிக் கிளாஸ் அடுக்கின தள்ளுவண்டி நினைவுக்கு வந்து, அதைப் பிடிக்க ஓடினார். போகிற வழியில் மோராக் மாமி அவரைக் கொழுவினார். வண்டி தன்பாட்டில் உருண்டு போய் வாசல்படியில் சாய்ந்தது. ஸ்ட்ரமாஷ் என்றால் என்னவென்று நான் கண்ணால் கண்டது அப்போதுதான். ஆர் விழுத்தியது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

வாத்தியம் நின்றபோது டங்கன் கலோஜெரோவைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக்கொண்டு நின்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. கலோஜெரோ சுற்றிப் பார்த்தார். டங்கனின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, பக்கத்துக் கதவால் வெளியே போனார்.

நினோ எழும்பினான். சால்வோ அவனை இருத்திவிட்டு என்னைத் தள்ளினார்.

“நீ போ. நீதானே கூப்பிட்டனீ.”

கடற்கரைக் கல்லுக்கட்டின் மேல்

வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லுக்கட்டின் மேல் கலோஜெரோ இருந்தார். முன்னால் வள்ளங்கள் ஆடிக்கொண்டு நின்றன. நான் தண்ணீர் கொடுத்தேன். அரைவாசியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றினார்.

“சின்யோரா, உண்மையைச் சொல்லுங்கோ. அந்த மனுசன் என்னைச் சண்டைக்கோ கூப்பிட்டவன்?”

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிசம் நினைத்தேன். கோப்பை கழுவுகிற இடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் அந்த முகத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“இல்லை சின்யோர். ஆடத்தான் கூப்பிட்டவர். அவையின்ரை ஊரிலை அதைப் பகிடியா அப்பிடிச் சொல்லுவினமாம்.”

“நான் கோட்டைக் கழட்டினனான்.”

“ஓம்.”

“எல்லாரும் பாத்தவையோ?”

“பாத்தவை.”

“என்ன நினைச்சிருப்பினம்?”

“உங்களுக்கு வேர்க்குது எண்டு.”

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்தார். பிறகு இரண்டும் கலந்து வந்தது. நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

“அவன் சிரிச்சுக்கொண்டு கூப்பிட்டான். அதுதான் எனக்குக் கூடக் கோவம்” என்றார். “என்ரை பிள்ளையை எடுத்துப்போட்டுச் சிரிக்கிறான் எண்டு நினைச்சன். நினோ போன நாளிலை இருந்து ஆரையாவது அடிக்கவேணும் போலை இருந்தது எனக்கு. ஆரை அடிக்கிறது? பிளேனையோ?”

என் மகளும் அந்த நேரம் வேலைக்கென்று மிலானோவுக்குப் போயிருந்தாள். வீட்டில் ஒரு கோப்பை குறைவாகக் கழுவுகிற நாட்கள். அதை அவருக்குச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“சரி” என்று எழும்பினார். “அடிச்ச மாதிரித்தான் கிடக்கு. உடம்பு முழுக்க நோகுது. வாங்கோ.”

உள்ளே போய் நேராக டங்கனிடம் நின்றார். “சின்யோரா, இவருக்குச் சொல்லுங்கோ. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டுக்கு முதல் நினோ எங்களோடை ரெலிபோனிலை கதைக்கவேணும். மறந்தால் இவர் ஞாபகப்படுத்தவேணும். தகப்பன் சொல்லிக் கேக்கமாட்டான், மாமன் சொன்னால் கேப்பான்.”

இந்த முறை மைக் இல்லை. நான் டங்கனின் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். அவருடைய பகிடி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கலோஜெரோவின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். அரைவாசி எனக்கு விளங்கவே இல்லை. மாமி சொல்லித்தராத சொற்கள்.

“என்ன சொல்லுறார்?” என்று கலோஜெரோ கேட்டார்.

“ஓம் எண்டு சொல்லுறார்” என்றேன்.

கலோஜெரோ அதை ஏற்றுக்கொண்டார். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார். இரண்டு பாஸ்தாவும் பொரியலும் வயிற்றில் இருக்க, அந்த மனுசன் வாத்தியக்காரர் களைக்கும் வரைக்கும் ஆடினார். தம்பிமார்தான் முதலில் களைத்துக் கதிரையில் இருந்தார்கள்.

அடுத்த நாள் மீன் வழக்கம்போல வந்தது. சால்வோ உடைந்த கிளாஸைக் கூட்டி அள்ளும்போது என்னைத் திட்டினார். திட்டி முடிய, அந்த மோராக் எப்போது திரும்பி வருவா என்று கேட்டார். கோப்பை கழுவ என்னை அனுப்பவில்லை. அதற்குப் பிறகு வந்த இங்கிலீஷ் கலியாணங்களிலும் மைக் என்னிடம்தான் வந்தது. ஒரு மாற்றம் மட்டும் செய்தார். நான் மைக்கைத் தொட முதல் வாத்தியக்காரர் கையில் வாத்தியம் இருக்கவேணும் என்று கட்டளை.

பிள்ளையள், நீங்கள் என்ன பாஷை என்று கேட்க, இதை நான் கனநாள் யோசித்தேன். என் மொழிபெயர்ப்பில் பிழையில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன், அது உண்மைதான். ஆனால் டங்கன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொன்னதை நான் செத்தவீட்டு அறிவித்தல் வாசிக்கிற குரலில் சொன்னேன். அவருடைய சொல் மேசைக்குப் போனது, சிரிப்பு என்னிடமே நின்றுவிட்டது. நீங்கள் மைக் பிடிக்கிற நாளில் இரண்டையும் சேர்த்துத் தூக்கப் பாருங்கோ. ஒன்றைத்தான் தூக்க ஏலும் என்றால் சிரிப்பைத் தூக்குங்கோ. சொல் ஆறுதலாகப் பின்னால் வந்து சேரும்.